ஒரே ஒரு குழந்தைக்காகச் செய்த மருந்து

2025 மே மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ஜீனையே மாற்றிக் குணப்படுத்திவிட்டார்களாம். அடுத்த நிமிடமே ஆரம்பித்துவிட்டார்கள். "அப்போ சுகருக்கும் சீக்கிரம் வந்துடும்ல?" என்று சித்தப்பா. "டிசைனர் பேபின்னு சொல்வாங்களே, அதானே இது?" என்று அத்தை மகள். "கடவுள் வேலையில கை வைக்கிறாங்க" என்று பெரியம்மா. பெரியம்மாவோடு வாதாடி ஜெயித்த வரலாறு எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டு பேருக்கும் குழுவிலேயே பதில் தட்டலாம் என்று உட்கார்ந்தால் அது வாட்ஸப்புக்கு அடங்குகிற சமாச்சாரமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோய். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் மருந்தின் அருமை புரியாது.

நாம் சாப்பிடும் பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடைக்கும்போது அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வருகிறது. மூளைக்கு அம்மோனியா விஷம். நல்லவேளையாக நமக்குக் கல்லீரல் இருக்கிறது. அது அம்மோனியாவைப் பிடித்து, பல நொதிகளின் கைமாறி, யூரியாவாக ஆக்கி ரத்தத்தில் விட்டுவிடும். சிறுநீரில் அது போய்விடும். இந்த வரிசையில் முதல் வேலையைச் செய்யும் நொதிக்குக் கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் 1 என்று பெயர். சிபிஎஸ்1 என்று சுருக்கிச் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

சுமார் 13 லட்சம் குழந்தைகளில் ஒன்று இந்த நொதி வேலை செய்யாமல் பிறக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, தாயின் உடல் பார்த்துக்கொள்ளும். பிறந்து பால் குடிக்க ஆரம்பித்த ஓரிரு நாளில் குழந்தை துவண்டுபோகும். பால் இழுக்காது. மூச்சு வாங்கும். பிறகு நினைவு தப்பும். கடுமையான வகை நோயோடு பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மழலைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. தாண்டியவர்களிலும் பலருக்கு அதற்குள் மூளை பாதிக்கப்பட்டிருக்கும்.

2024 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா பகுதியில் பிறந்த குழந்தைக்கு நடந்தது இதுதான். உலகம் முழுக்கக் கேஜே என்றே அவனைத் தெரியும், நானும் அப்படியே எழுதுகிறேன். பிறந்த 2 நாளுக்குள் அவன் ரத்தத்தில் அம்மோனியா லிட்டருக்கு 1000 மைக்ரோமோலைத் தாண்டிவிட்டது. சாதாரணமாக 30, 35 இருக்க வேண்டிய இடம் அது. டயாலிசிஸ் செய்து இறக்கினார்கள். அதன்பிறகு புரதத்தை அளந்து அளந்து ஊட்டுவது, நைட்ரஜனை வேறு வழியாக வெளியேற்றும் மருந்தைக் கொடுப்பது, கல்லீரல் மாற்று அறுவைக்குத் தாங்குகிற அளவுக்குக் குழந்தை வளரும்வரை காத்திருப்பது. உலகத்தில் எங்கே போயிருந்தாலும் அன்றைக்கு வேறு வழி கிடையாது.

காத்திருப்பது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அது அவ்வளவு லேசானது அல்ல. இந்தக் குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சல்கூட எமன். காய்ச்சலில் சாப்பாடு இறங்காவிட்டால் உடல் தன் சொந்தத் தசையையே கரைக்க ஆரம்பிக்கும். தசையும் புரதம்தானே, அம்மோனியா எகிறிவிடும். ஒவ்வொரு ஜலதோஷமும் மூளையைப் பணயம் வைக்கிற ஆட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இந்த நோய்க்குக் காரணமான எழுத்துப்பிழைக்கு வருவோம். சிபிஎஸ்1 என்பது 1500 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துச் செய்யும் பெரிய புரதம். எப்படிக் கோக்க வேண்டும் என்ற குறிப்பு டிஎன்ஏவில் ஏ, டி, சி, ஜி என்ற நான்கே எழுத்துகளில் இருக்கிறது. எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. கேஜேவின் ஒரு பிரதியில் 335ஆவது அமினோ அமிலத்துக்கான இடத்தில் ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் அந்த இடம் "இத்தோடு நிறுத்து" என்று பொருள்படும் குறியாகிவிட்டது. 1500 வரை போக வேண்டிய வேலை 335இல் நின்றுபோகும். மற்றொரு பிரதியில் வேறொரு பிழை, 714ஆவது இடத்தில் அதே மாதிரி நிறுத்தம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு பிரதிதான் பழுது, மற்றது நன்றாக இருந்ததால் இருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு இரண்டும் பழுதாகவே வந்து சேர்ந்துவிட்டன.

பெற்றோர் நலமாக இருக்கிறார்கள் என்பதிலேயே மருத்துவர்களுக்கு ஒரு தெம்பு இருந்தது. ஒரு பிரதி சரியானால் போதும் என்பதற்கு அவர்களே சாட்சி. இரண்டில் எதைத் திருத்துவது? உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை, வேதியியல் முடிவு செய்தது.

ஜீனைத் திருத்தும் கருவிக்குக் கிரிஸ்பர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் பத்திரிகைகள் உடனே கத்தரிக்கோல் படம் போட்டுவிடுகின்றன. கேஜேவுக்குப் பயன்பட்ட கருவியில் அந்தக் கத்தரியின் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே மழுக்கியிருக்கிறார்கள். டிஎன்ஏ இரட்டை இழை. இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டினால் செல் அதை அவசர அவசரமாக ஒட்டும், ஒட்டும்போது எழுத்துகள் உதிரும், சேரும். ஒரு ஜீனைக் கெடுத்து நிறுத்துவதற்கு அது போதும். ஒரு எழுத்தைச் சரியாக மாற்றுவதற்கு உதவாது. அதனால் ஹார்வர்டில் டேவிட் லியூவின் ஆய்வகம் வேறு வழியில் போனது. இரட்டை வெட்டு இல்லாமல், சரியான இடத்தில் போய் நின்று, அங்குள்ள ஒரு எழுத்தை மட்டும் வேதியியல் முறையில் மாற்றும் கருவியைச் செய்தார்கள். முதல் வகை 2016இல் வந்தது, கேஜேவுக்கு உதவிய வகை 2017இல்.

அந்த 2017 வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. டிஎன்ஏவில் உள்ள ‘ஏ’வை ‘ஜி’யாக மாற்றும் நொதி இயற்கையில் எங்கும் தெரிந்திருக்கவில்லை. ஈ. கோலை என்ற பாக்டீரியாவிடம் ஆர்என்ஏவில் அந்த வேலையைச் செய்யும் நொதி ஒன்று இருந்தது, டிஎன்ஏ பக்கம் அது திரும்பிப் பார்க்காது. லியூவின் ஆய்வகத்தில் இருந்த நிக்கோல் கோடெல்லி என்ன செய்தார் தெரியுமா? ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் ஜீன் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தார். அந்தப் பிழையைச் சரிசெய்ய ஒரு ‘ஏ’ ‘ஜி’யாக மாற வேண்டும். கூடவே அந்த நொதியின் ஏராளமான மாற்று வடிவங்களையும் கொடுத்து, மேலே ஆன்டிபயாட்டிக்கை ஊற்றினார். எந்தப் பாக்டீரியாவிடம் இருந்த வடிவம் டிஎன்ஏவைத் திருத்தக் கற்றுக்கொண்டதோ அது பிழைத்தது, மற்றவை செத்தன. பிழைத்ததை எடுத்து மறுபடியும் அதே சோதனை. இப்படிச் சுற்றுச் சுற்றாக ஓட்டி, உலகத்தில் இல்லாத ஒரு நொதியை உண்டாக்கிவிட்டார்கள்.

335ஆவது இடத்தில் இருந்த பிழை ‘டி’. எதிர் இழையில் ‘டி’க்கு ஜோடி எப்போதும் ‘ஏ’. அந்த ‘ஏ’வை ‘ஜி’யாக்கினால் அதன் ஜோடி ‘சி’யாகிவிடும், வேண்டியது கிடைத்துவிடும். இன்னொரு பிரதியில் இருந்த பிழையைத் திருத்த ‘டி’யை ‘ஜி’யாக்க வேண்டும். இந்தக் கருவியால் அது முடியாது. ஆக 335 தேர்வானது, 714 அப்படியே விடப்பட்டது. அவனுக்கு இருந்த இரண்டு பிழைகளில் ஒன்றாவது கருவியின் கைக்கு எட்டியது அதிர்ஷ்டம். இரண்டுமே எட்டாத குழந்தைகளும் உண்டு, செய்தியில் வராதவர்கள் அவர்கள்.

கருவியைக் கல்லீரலுக்குள் கொண்டுபோவது எப்படி? கோவிட் சமயத்தில் எம்ஆர்என்ஏ தடுப்பூசி என்று கேட்டிருப்பீர்கள். அதே முறைதான். கருவியைச் செய்வதற்கான எம்ஆர்என்ஏ, எந்த இடம் என்று காட்டும் சின்ன வழிகாட்டி ஆர்என்ஏ, இரண்டையும் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து ரத்தக்குழாய் வழியாக ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள். ரத்தத்தில் போனதும் நம் உடலின் ஒரு புரதம் அந்த உருண்டைமேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல்கள் அதைக் கொலஸ்ட்ரால் துகள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். எம்ஆர்என்ஏ சில நாளில் சிதைந்துவிடும், கருவியும் மறையும், திருத்திய எழுத்து மட்டும் இருக்கும். சித்தப்பா, இங்கேதான் உங்கள் கேள்விக்கு பதில். இந்த உருண்டைகள் கல்லீரலுக்குப் போவதைப்போல மூளைக்கோ தசைக்கோ கணையத்துக்கோ சமர்த்தாகப் போவதில்லை. அதோடு பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை நோய் ஒரு எழுத்துப்பிழையால் வருவதல்ல. நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிட, சாப்பாடும் எடையும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்து வருவது. எந்த எழுத்தைத் திருத்தச் சொல்வீர்கள்? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனுருவும் இந்த வேலையின் தலைவர்கள். முசுனுரு இதய மருத்துவர். கொலஸ்ட்ராலைக் குறைப்பதற்காகக் கல்லீரலில் இதேபோல் ஓர் எழுத்தை மாற்றி, 2021இல் குரங்குகளில் வெற்றிகண்டவர்களில் ஒருவர். ஆக உருண்டை தயார், கருவி தயார், கல்லீரல் பழக்கப்பட்ட இடம். நோய் கண்டுபிடித்ததிலிருந்து முதல் டோஸ் ஏறும்வரை ஆறே மாதம். அதற்குள் கேஜேவின் பிழையையே கொண்ட செல்களை உண்டாக்கிச் சோதித்தார்கள். அதே பிழையுள்ள எலிகளைப் பிறக்கவைத்துச் சோதித்தார்கள். குரங்குகளில் மருந்தின் நச்சுத்தன்மையைப் பார்த்தார்கள். 300 கோடி எழுத்துகளில் தவறான இடத்தில் கை வைக்கிறதா என்று தேடினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விண்ணப்பம் போய்ச் சேர்ந்த ஒரே வாரத்தில் அனுமதி கொடுத்தது. 2025 பிப்ரவரி கடைசியில் முதல் டோஸ், வேண்டுமென்றே குறைந்த அளவில். சுமார் மூன்று வாரம் கழித்து அதைவிட மூன்று மடங்கு. ஏப்ரலில் மூன்றாவது.

மூன்று தடவை கொடுக்க முடிந்தது என்பதே பெரிய விஷயம். காரணம் சொல்ல 26 வருடம் பின்னால் போக வேண்டும், போகிற ஊரும் அதே ஊர்தான்.

1999 செப்டம்பர். அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகம். ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன். அவனுக்கு இருந்ததும் இதே யூரியா வரிசையில் வரும் நோய், சிபிஎஸ்1க்கு அடுத்து வேலை செய்யும் நொதியில் குறை. ஆனால் லேசான வகை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் மருந்திலும் நன்றாகவே இருந்தான். தனக்குப் பெரிதாகப் பலன் இருக்காது, குழந்தைகளுக்கு உதவும் என்று தெரிந்தே மரபணுச் சிகிச்சை ஆய்வில் சேர்ந்தான். நல்ல ஜீனைச் சுமக்க அடினோவைரஸைப் பயன்படுத்தினார்கள். செப்டம்பர் 13 அன்று ஏற்றினார்கள். அவன் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸைப் பார்த்துக் கொந்தளித்துவிட்டது. ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழந்து 17ஆம் தேதி இறந்துபோனான்.

அதன்பிறகு நடந்த விசாரணையில் பல ஓட்டைகள் வெளிவந்தன. முந்தைய பக்கவிளைவுகளைச் சரியாகத் தெரிவிக்கவில்லை, ஆய்வுத் தலைவருக்கு அந்தத் துறை நிறுவனத்தில் பங்கு இருந்தது என்றெல்லாம். மரபணுச் சிகிச்சை என்றாலே முதலீட்டாளர்களும் மருத்துவர்களும் பல வருடம் ஒதுங்கி நின்றார்கள். கேஜே செய்தி வந்தபோது நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் ஒன்றிலாவது ஜெஸ்ஸி பெயர் இருக்கும் என்று தேடினேன், இல்லை. என் பார்வையில் அவனைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது அரைக் கதை. வைரஸில் ஏற்றினால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், இரண்டாம் தடவை கொடுக்க முடியாது. ஆகவே முதல் தடவையே பெரிய அளவாகக் கொடுக்க வேண்டும், ஆபத்தும் பெரிது. கொழுப்பு உருண்டையில் அந்த நெருக்கடி இல்லை. கொஞ்சம் கொடுத்துப் பார்த்து, தாங்கினால் கூட்டலாம். ஏழு மாதக் கைக்குழந்தைக்கு உலகத்தில் யாருக்கும் கொடுக்காத மருந்தைக் கொடுக்கும்போது அந்த ஒரு சௌகரியம் எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள்.

சரி, குணமாகிவிட்டானா?

2025 மே 15 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. தலைப்புச் செய்திகள்தான் சொல்லின. கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: முதல் டோஸுக்குப் பிறகு ஏழு வாரத்தில் அவனுக்குக் கூடுதலாகப் புரதம் கொடுக்க முடிந்தது. நைட்ரஜனை வெளியேற்றும் மருந்தைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. இடையில் வைரஸ் காய்ச்சல்கள் வந்தும் அவன் தாங்கினான். பெரிய பக்கவிளைவு இல்லை. இன்னும் நெடுநாள் கண்காணிக்க வேண்டும்.

மேலே காய்ச்சலைப் பற்றி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். புரதத்தைக் கூட்டியதும் மருந்தைக் குறைத்ததும் மருத்துவர்கள் எடுத்த முடிவு, அவர்களுடைய நம்பிக்கையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். காய்ச்சல் யாரையும் கேட்டு வருவதில்லை. அது வந்தும் அம்மோனியா கட்டுக்கடங்கியே இருந்தது என்பது எனக்கு மற்ற எண்களைவிடப் பெரிய சாட்சி.

ஆனால் ஒரு முக்கியமான கேள்விக்கு அந்தக் கட்டுரையில் விடை கிடையாது. கல்லீரல் செல்களில் எத்தனை சதவீதம் திருந்தின? பார்க்க வேண்டுமென்றால் கல்லீரலில் ஊசி போட்டுத் துண்டு எடுக்க வேண்டும். இந்த நிலையில் உள்ள கைக்குழந்தைக்கு அது ஆபத்து, எடுக்கவில்லை. எடுக்காதது சரியான முடிவு. அதன் விலை என்னவென்றால், நாம் பார்ப்பது எல்லாமே மறைமுகத் தடயம். ஒரே ஒரு குழந்தை, ஒப்பிட இன்னொருவர் இல்லை. இந்த நோயோடு வாழும் குழந்தைகளின் நிலை தானாகவே ஏறி இறங்கும். அறிவியல் கண்ணோடு பார்த்தால் இது ரொம்ப நம்பிக்கை தரும் ஒற்றை நிகழ்வு. அதற்கு மேலே ஏற்றிச் சொல்லக்கூடாது. 2025 ஜூன் தொடக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனான், பிறந்ததிலிருந்து ஏறத்தாழ முழுக்க மருத்துவமனையிலேயே இருந்தவன். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் முழுதாக விலகாமலே போனான்.

இந்தத் துறை இப்போதும் ஆபத்தில்லாத துறை அல்ல. 2025 அக்டோபரில் வேறொரு நோய்க்கு, ஓர் அமெரிக்க நிறுவனம், இதேபோல் கொழுப்பு உருண்டையில் கிரிஸ்பர் கருவியை அனுப்பி நடத்திவந்த ஆய்வில் ஒருவருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆய்வை நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் அவர் இறந்தார். வயதானவர், வேறு சிக்கல்களும் இருந்தன. ஆனாலும் கேஜே படத்தைப் பகிர்ந்த அளவுக்கு இந்தச் செய்தியை யாரும் பகிரவில்லை.

அத்தை மகளுக்கு இப்போது. இது டிசைனர் பேபி இல்லை. 2018இல் சீனாவில் ஹ ஜியான்குய் என்பவர் கரு நிலையிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்தார். அந்த மாற்றம் அவர்கள் உடம்பில் எங்கும் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகளுக்கும் போகலாம். உலகமே கண்டித்தது, அவருக்கு மூன்று வருடம் சிறை. கேஜேவுக்குத் திருத்தியது பிறந்த பிறகு, கல்லீரல் செல்களில். நாளைக்கு அவன் வளர்ந்து அப்பாவானால் தன் பிள்ளைக்குக் கொடுக்கப்போவது அந்தப் பழைய பிழைகளில் ஒன்றைத்தான், திருத்திய எழுத்தை அல்ல.

என்னைக் கேட்டால் இந்தக் கதையில் உண்மையிலேயே புதுசு எழுத்தைத் திருத்தியது அல்ல, அது ஏற்கெனவே பெரியவர்களில் செய்து பார்த்ததுதான். ஒரே ஒரு ஆளுக்கு ஒரு ஜீன் திருத்த மருந்து என்பதை எஃப்டிஏ அனுமதித்ததுதான் புதுசு. மருந்து உலகம் இதுவரை ஓடியது எண்ணிக்கையில். ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடு, வித்தியாசத்தைக் காட்டு. உலகத்திலேயே ஒருவனுக்கு மட்டும் இருக்கும் பிழைக்கு ஆயிரம் பேரை எங்கே தேடுவது? கேஜேவுக்குச் செய்த மருந்து வேறு எந்தக் குழந்தைக்கும் அநேகமாக உதவாது. ஆனால் அந்த மருந்தில் எழுத்து எழுத்தாக மாறுவது வழிகாட்டி ஆர்என்ஏவின் 20 எழுத்துகள்தான். உருண்டை அதே, கருவியும் ஏறத்தாழ அதே. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோல: அட்டையும் டிசைனும் தயாராக இருக்கும், பெயரும் தேதியும் மட்டும் மாறும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் அச்சு இயந்திரத்தை முதலிலிருந்து சோதித்துக் காட்டு என்று அரசு கேட்டால் யாருக்கும் கல்யாணம் நடக்காது. அதைத்தான் இப்போது மாற்றப் பார்க்கிறார்கள். 2025 நவம்பரில் எஃப்டிஏ தலைவர்கள் இருவர் கேஜே கட்டுரை வந்த அதே மருத்துவ இதழில் எழுதி, நோயின் காரணம் துல்லியமாகத் தெரிந்து, மருந்து அதையே தொடுகிறது என்று காட்ட முடிந்தால், சில நோயாளிகளின் முடிவைக் கொண்டே அனுமதி தரும் பாதையை அறிவித்தார்கள். ஆரன்ஸ்-நிக்லஸும் முசுனுருவும் யூரியா வரிசையின் பல ஜீன்களையும் ஒரே ஆய்வுக்குள் அடக்கித் திட்டம் போடுகிறார்கள். அந்தந்தக் குழந்தைக்கு வழிகாட்டி மட்டும் மாறும்.

பாதை அகலமானால் தரம் இளகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், நியாயமான பயம். ஜெஸ்ஸி காலத்திலும் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் இருந்தார்கள்.

காசு? கேஜேவுக்குப் பல நிறுவனங்கள் இலவசமாகவும் சலுகையிலும் செய்து கொடுத்தன. கல்லீரல் மாற்றுக்கு அங்கே ஆகும் செலவுக்குப் பக்கத்தில்தான் வந்தது என்றார் முசுனுரு. அமெரிக்காவில் அதுவே பல கோடி ரூபாய். 2023 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் மருந்தான காஸ்கெவியின் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். சிக்கிள் செல் ரத்தநோய்க்கானது அது. அந்த நோய் நம் நாட்டுப் பழங்குடி மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த விலையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

நம் ஊரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இல்லை. வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ரத்த மூலச்செல்களில் நல்ல ஜீனைச் சேர்த்து, 2024 டிசம்பரில் அதே நியூ இங்கிலாந்து இதழில் வெளியிட்டது. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவே இல்லை. இது திருத்துவது அல்ல, சேர்ப்பது, வேறு தொழில்நுட்பம். ஆனால் மரபணுச் சிகிச்சை என்பது விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள் என்ற எண்ணத்தை உடைக்க அது போதும்.

யூரியா வரிசை நோய்களுக்கு இங்கே எது முட்டுக்கட்டை என்று கேட்டால், கிரிஸ்பர் இல்லாததைச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பிழை இரண்டு பக்கமும் சுற்றி வந்து ஒரே குழந்தையிடம் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். 13 லட்சத்தில் ஒன்று என்பது உலகக் கணக்கு, சொந்தத்தில் கட்டிக்கொண்ட ஒரு குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. முதல் குழந்தை "என்னன்னே தெரியாம" போய்விட்டது, இரண்டாவதும் அப்படியே என்று சொல்லும் குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் யூரியா வரிசை நோய்கள், கல்லீரல் மாற்று போன்ற ஒரே தடவைச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்கள் என்ற முதல் பிரிவிலேயே இருக்கின்றன. உதவித் தொகை 50 லட்சம் ரூபாய் வரை. பெற்றோரில் ஒருவரின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்துக் குழந்தைக்கு வைக்கும் அறுவை சென்னையில் வருடக்கணக்காக நடக்கிறது.

இதெல்லாம் குழந்தை அதுவரை உயிரோடு, மூளை கெடாமல் இருந்தால்தான். பிறந்த இரண்டாம் நாள் துவண்டுபோன குழந்தையைப் பார்த்ததும் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது கிருமித் தொற்று. பெரும்பாலும் அதுதான் இருக்கும், அவர் நினைப்பதும் சரி. ஆன்டிபயாட்டிக் ஏறும். அம்மோனியாவைப் பார்க்கும் யோசனை வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். யோசனை வந்தாலும் அந்தச் சோதனை லேசுப்பட்டதல்ல. எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைக்க வேண்டும், சீக்கிரம் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். சும்மா மேஜைமேல் வைத்தால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா ஏறிவிடும், பிறகு அந்த எண்ணை யாரும் நம்ப முடியாது. சின்ன ஊர் மருத்துவமனையிலிருந்து மாதிரியை பைக்கில் பக்கத்து டவுன் லேபுக்குக் கொடுத்தனுப்பும் இடங்களில் இது நடக்கிற காரியமா?

அதனால் புதுசாகக் குழந்தை பிறக்கப்போகிற வீட்டார் யாராவது இதைப் படித்தால், குறிப்பாகச் சொந்தத்தில் கட்டியவர்கள், முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் இழந்தவர்கள், இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை ஓரிரு நாளில் பால் இழுக்காமல் துவண்டால், தொற்றுக்கான வைத்தியம் நடக்கட்டும், கூடவே "அம்மோனியா பாத்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். அங்கே பார்க்க வசதி இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.